எங்கள் பங்கு எங்கே? ஒன்ராறியோ நிதியமைச்சருக்கும் நிதிச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நிதியமைச்சர் அவர்களுக்கும் அதிகாரசபையின் நிர்வாகத்தினருக்கும்,

2026 ஜூலை 1 முதல் இந்த மாகாணத்தின் வாகனக் காப்புறுதியில் கட்டாயமாக இருக்கவேண்டிய விபத்து நன்மைகள் மூன்று மட்டுமே என்று உங்கள் ஒழுங்குவிதி சொல்கிறது: மருத்துவம், மறுவாழ்வு, உடனிருந்து பராமரிப்பது. வேலைக்குப் போகமுடியாத காலத்துக்கான வருமானம், உழைக்காதவர்களுக்கான வாராந்தக் கொடுப்பனவு, இறப்புக் கொடுப்பனவு, ஈமச் செலவு என்று மற்றவையெல்லாம், வேண்டுமானால் மேலதிகமாகக் காசு கட்டி வாங்கிக்கொள்ளும் சேர்க்கைகளாகின்றன. மக்களுக்குத் தெரிவுச் சுதந்திரம் கிடைக்கிறது, கட்டுப்பணம் குறையும் என்பது நீங்கள் சொல்லும் நியாயம். இந்த முடிவைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஏனென்றால் நீங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கும் அந்த வருமானக் கொடுப்பனவில்தான் என் குடும்பம் ஒரு குளிர்காலம் முழுவதும் சீவித்தது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று படிவத்தில் கையெழுத்து வைக்கப்போகிறவர்களில் பலர் இதைத் தமிழில்தான் வாசிப்பார்கள்; உங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறைவிருக்காது.

2022 ஜனவரியில், களஞ்சியமொன்றில் இரவு வேலை முடித்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த பனிக்கட்டியில் கார் வழுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கொங்கிறீற்றுத் தடுப்பில் போய் மோதியது. எனக்கு முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. காரை இழுத்துச் செல்ல வந்தவரே கொக்கியை மாட்டும்போது இரண்டு தடவை சறுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உப்புப் போடும் லொறி அதற்குப் பிறகுதான் வந்தது.

விபத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் ஒன்ராறியோவின் விதிகள், அதாவது 1990 ஆம் ஆண்டுத் தொகுப்பின் 668 ஆம் இலக்க ஒழுங்குவிதி, காலநிலையையோ வீதி இருந்த நிலையையோ பார்வைத் தெளிவையோ கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பிழை நூறு வீதமும் என்னுடையது என்று என் காப்புறுதி நிறுவனம் எழுதியது. எல்லோரும் 'நோ போல்ட்' (no-fault, பிழை பார்க்காதது) என்று சொல்லும் இந்த முறையில் யாரிலும் பிழை பிடிக்கமாட்டார்கள் என்று அதுவரை நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவர். உண்மையில் பிழை பிடிக்கிறார்கள். கட்டுப்பணத்தைத் தீர்மானிப்பதற்காக மிகக் கவனமாகவே பிடிக்கிறார்கள். 2,310 டொலராக இருந்த என் ஆண்டுக் கட்டுப்பணம் அடுத்த புதுப்பித்தலில் 3,480 டொலராயிற்று. 'நோ போல்ட்' என்பதன் பொருள் வேறு. பிழை யாருடையதாக இருந்தாலும், காயம்பட்டவர் தன் சொந்தக் காப்புறுதியிடமே போய், வழக்கு எதுவும் போடாமல், சிகிச்சைக்கும் சீவியத்துக்கும் காசு பெற்றுக்கொள்ளலாம் என்பதே அது.

அந்தப் பொருளின் மதிப்பு எனக்குப் படுக்கையில் கிடந்தபோதுதான் தெரிந்தது. பாரம் தூக்கும் வேலை, வலது தோள் தசைநாண் கிழிந்திருந்தது, பத்தொன்பது வாரம் வேலைக்குப் போகவில்லை. வாரத்துக்கு 980 டொலர் உழைத்துக்கொண்டிருந்தேன். மொத்த வருமானத்தின் 70 வீதம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 686 டொலர் வரவேண்டும். ஆனால் வாரத்துக்கு 400 டொலருக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு அதே விதியில் இருக்கிறது, முதல் வாரத்துக்கு எதுவும் இல்லை என்றும் இருக்கிறது. ஆகப் பதினெட்டு வாரத்துக்கு 7,200 டொலர் வந்தது. நான் இழந்த சம்பளம் 18,620 டொலர். மிச்சத்துக்குக் கடன் பட்டோம். ஆனாலும் அந்த 400 டொலர் வந்தபடியால்தான் வீட்டுக் கடனின் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. அது இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருக்கலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதியாயிற்று. நான் யார்மேல் வழக்குப் போடுவது?

இந்த நன்மைகள் எங்கிருந்து வந்தன என்பதை உங்களுக்கு நினைவூட்டவேண்டியிருப்பது கொஞ்சம் விசித்திரம்தான், ஆனாலும் நினைவூட்டுகிறேன். 1990 ஜூன் 22 இல் டேவிட் பீற்றர்சனின் லிபரல் அரசு கொண்டுவந்த திட்டம் ஒரு கொடுக்கல் வாங்கலாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. பிழை விட்ட சாரதிமேல் வழக்குப் போட்டு வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையில் பெரும்பகுதியை மக்கள் விட்டுக்கொடுக்கவேண்டும். அதற்கு ஈடாக, பிழை யாருடையது என்று கேட்காமல், உடனடியாக, சொந்தக் காப்புறுதியிலிருந்து நன்மைகள் கிடைக்கும். அன்று வருமானக் கொடுப்பனவின் உச்சவரம்பு வாரத்துக்கு 600 டொலர். 1994 இல் பொப் றேயின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு அதை 1,000 டொலராக்கியது. 1996 நவம்பரில் கொன்சர்வேற்றிவ் அரசு அதை 400 டொலராகக் குறைத்தது. மூன்று கட்சிகளும் இந்தத் தராசைத் தொட்டிருக்கின்றன. அந்த 400 இல் மட்டும் அதன்பிறகு யாரும் கைவைக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதே 400.

1996 இல் ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 6.85 டொலர். 400 டொலர் என்பது அன்றைக்கு ஐம்பத்தெட்டு மணித்தியால உழைப்பு. 2025 ஒக்ரோபரிலிருந்து ஆகக் குறைந்த சம்பளம் 17.60 டொலர், அதே 400 இன்று இருபத்துமூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் ஆகக் குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்குக்கூட 70 வீதம் என்பது 492 டொலர் 80 சதம் ஆகிறது. அதாவது இந்த மாகாணத்தின் அடிமட்டச் சம்பளக்காரரும் உங்கள் உச்சவரம்பில் தலை இடிபடுகிறார்.

இதே காலத்தில் தராசின் மற்றத் தட்டு என்ன ஆயிற்று என்றும் பார்க்கவேண்டும். வலிக்கும் வேதனைக்கும் நீதிமன்றம் கொடுக்கும் தொகையிலிருந்து சட்டம் கழித்துக்கொள்ளும் பங்கு, 'டிடக்ரிபிள்' என்று சட்டத்தரணிகள் சொல்வது, 1996 இல் 15,000 டொலர். 2003 இல் அது 30,000 டொலராயிற்று. 2015 இல் அதைப் பணவீக்கத்தோடு கட்டிவிட்டீர்கள். ஒவ்வொரு ஜனவரியும் தானாகவே ஏறுகிறது. 2024 இல் அது 46,053 டொலரைத் தாண்டியிருந்தது. எங்களிடமிருந்து கழிப்பது ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும், எங்களுக்குத் தருவது முப்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கவேண்டும் என்று ஒரே சட்டத்துக்குள் எழுதிய கை எது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. இப்போது அந்த 400 ஐயும் விரும்பினால் காசு கட்டி வாங்கு என்கிறீர்கள். கழிவுத்தொகையை மட்டும் விருப்பத்துக்கு விடவில்லை. நிரந்தரமான, பாரதூரமான பாதிப்பு என்று நிரூபித்தால்தான் வலிக்கு இழப்பீடு கேட்கலாம் என்ற வாசற்படியையும் எடுக்கவில்லை. 1990 இன் உடன்படிக்கையில் நாங்கள் கொடுத்த பாதி உங்களிடமே இருக்கிறது. நாங்கள் பெற்ற பாதியை மட்டும் திருப்பி எடுக்கிறீர்கள்.

என் சின்னம்மாவின் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மாற்றத்தில் ஆகக் கூடுதலாக அடிபடப்போவது அவரைப் போன்றவர்கள். அவரிடம் கார் இல்லை, சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. பேருந்தில் போய் இரண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்து வாரத்துக்கு 620 டொலர் உழைத்தார். 2020 நவம்பரில் ஒரு மாலை, பாதசாரிகளுக்கான விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வீதியைக் கடந்தவரை, இடதுபக்கம் திரும்பிய கார் ஒன்று இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. சொந்தக் காப்புறுதி இல்லாத பாதசாரிக்கு இடித்த வாகனத்தின் காப்புறுதி நன்மை வழங்கவேண்டும் என்பது இன்றுவரையுள்ள விதி. அதன்படி ஐந்தாவது வாரத்திலிருந்து அவருக்கு வாரத்துக்கு 400 டொலர் வரத் தொடங்கியது. இடித்தவரின் பிழை எவருக்கும் ஐயமற்றதாக இருந்தும் அவர்மேல் தொடுத்த வழக்கு முடிய மூன்றரை ஆண்டு பிடித்தது. 2024 இல் சமரசத்துக்கு இருந்தபோது, வலிக்கான தொகையை 60,000 டொலர் என்று வைத்தாலும் சட்டம் 46,053 ஐக் கழிக்கும், கையில் நிற்பது ஏறத்தாழ 13,950 என்று சட்டத்தரணி ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். சின்னம்மா அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழிக்கிற காசு ஆருக்குப் போகுது?" என்று கேட்டார். சட்டத்தரணிக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் பதில் சொல்லலாம்: அது காப்புறுதி நிறுவனத்திடமே தங்குகிறது.

இனி அதே விபத்து 2026 ஜூலைக்குப் பிறகு நடந்தால், மருத்துவச் செலவு கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வருமானக் கொடுப்பனவு என்ற சேர்க்கை, அதை வாங்கியவருக்கும் அவருடைய துணைக்கும், அவர்களில் தங்கியிருப்பவர்களுக்கும், ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட சாரதிகளுக்கும் மட்டுமே உரியது. இடித்தவர் அதை வாங்கியிருந்தாலும் இடிபட்ட பாதசாரிக்கு அது உதவாது. கார் இல்லாத சின்னம்மா வாகனக் காப்புறுதி வாங்குவதும் இல்லை. ஆகவே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் படிவம்கூட அவர் கைக்கு வராது. தெரிவு என்று நீங்கள் சொல்லும் சொல்லுக்குள் அவர் எங்கே இருக்கிறார்? சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மாணவர் எங்கே இருக்கிறார்? மூன்றரை ஆண்டு வழக்கு முடியும்வரை அவர்கள் எதைக் கொண்டு வாடகை கட்டுவார்கள்?

இதனால்தான், இந்த மாற்றம் 'நோ போல்ட்' முறையின் சீர்திருத்தம் என்று சொல்லப்படும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிழை பார்க்காமல் சம்பளத்துக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டால், காயம்பட்டவர் தன் சம்பளத்தைக் கேட்டுப் பிழை விட்டவரைத் தேடித்தான் போகவேண்டும். அதற்குப் பெயர் பிழைவழிக் காப்புறுதி. அதை நேராகச் சட்டசபையில் விவாதித்துக் கொண்டுவந்திருந்தால் அதற்கென்று ஒரு நியாயமாவது இருந்திருக்கும். பின்கதவால் கொண்டுவரும்போது இரண்டு முறைகளின் செலவும் ஒரே கட்டுப்பணத்தில் வந்து விழுகிறது. ஏனென்றால், விபத்து நன்மையாக 400 டொலர் பெறாதவர், வழக்கில் முழுமையான 70 வீதத்தையும் பிழை விட்டவரிடமிருந்து கேட்கலாம். சம்பள இழப்புக்கு அந்தக் கழிவும் இல்லை, வாசற்படியும் இல்லை. அந்தக் காசை யார் கொடுப்பது? பிழை விட்டவரின் பொறுப்புக் காப்புறுதி. அது நாங்கள் எல்லோரும் கட்டாயமாகக் கட்டும் பகுதி. ஒரு பத்தியில் குறைத்துக் காட்டியது இன்னொரு பத்தியில் ஏறும், இடையில் சட்டத்தரணிகளின் கட்டணமும் நிபுணர்களின் அறிக்கைச் செலவும் சேரும்.

இந்த இடைச்செலவு எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மாகாண அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் டேவிட் மார்ஷல் 2017 இல் கொடுத்த அறிக்கை, நன்மைகளுக்கான மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 140 கோடி டொலர், சிகிச்சைக்குப் போகாமல் ஒன்றோடொன்று மோதும் நிபுணர் அறிக்கைகளிலும் சட்டத்தரணிகளின் கட்டணத்திலும் கோரிக்கைகளை எதிர்ப்பதிலும் கரைகிறது என்று சொன்னது. கனடாவில் விபத்தும் மரணமும் ஆகக் குறைந்த மாகாணங்களில் ஒன்றான ஒன்ராறியோ, கட்டுப்பணத்தில் ஆகக் கூடிய இடங்களில் ஒன்றாக இருப்பதன் விசித்திரத்தையும் அவர்தான் எழுதினார்.

அந்த மூன்றிலொரு பங்கு எப்படிக் கரைகிறது என்பதை நான் என் தோளிலேயே பார்த்தேன். தசைநாண் முழுவதும் அறுந்தால் அது பெரிய காயம். பாதி கிழிந்தால் அது உங்கள் வழிகாட்டியின்படி 'சிறுகாயம்', 3,500 டொலருடன் சிகிச்சை முடிகிறது. என்னுடையது பாதி. பத்தாவது வாரத்தில் அந்தத் தொகை தீர்ந்தபோது கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. சமையலறைத் தட்டில் இருக்கும் கோப்பையை எடுக்க ஸ்டூல் வைத்து ஏறவேண்டியிருந்தது, தலைக்கு எண்ணெய் வைக்க இடக்கையைப் பழக்கிக்கொண்டேன். இன்னும் பத்துத் தடவை வரவேண்டும் என்று இயன்மருத்துவர், சிகிச்சைச் செலவுக்கு நிறுவனத்தின் சம்மதம் கேட்கும் 18 ஆம் இலக்கப் படிவத்தை அனுப்பினார். தொகை 1,287 டொலர். நிறுவனம் மறுத்து, தன் பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் என்னை அனுப்பியது. அவர் இருபத்தைந்து நிமிடம் பார்த்தார், பதினான்கு பக்கம் எழுதினார், சிறுகாயம்தான் என்று முடித்தார். அப்படியான ஒரு மதிப்பீட்டுக்கும் அறிக்கைக்கும் 2,000 டொலர் வரை செலவழிக்க ஒழுங்குவிதி இடமளிக்கிறது. என் மதிப்பீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அந்தப் பதினான்கு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் நானும் நீங்களும் கட்டுப்பணம் கட்டுகிறோம்.

கட்டுப்பணத்தைக் குறைக்கவேண்டுமானால் கைவைக்கவேண்டிய இடம் அதுதான். நன்மைகளை வெட்டுவது சுலபமானபடியால் ஒவ்வொரு தடவையும் அதையே செய்கிறீர்கள். 2010 செப்ரெம்பரில் வீட்டுவேலைக்கான கொடுப்பனவும் பிள்ளை பார்ப்போருக்கான கொடுப்பனவும் மிகப் பாரதூரமான காயம் பட்டவர்களுக்கு மட்டும் என்றாகி, மற்றவர்களுக்கு விருப்பச் சேர்க்கைகளாயின. அந்தச் சேர்க்கைகளை வாங்கியவர்கள் மிகச் சொற்பம். 2013 இல் இரண்டு ஆண்டுக்குள் 15 வீதம் குறைப்போம் என்று அன்றைய அரசு வாக்களித்தது. 2015 ஓகஸ்ட் வந்தது, 15 வீதம் வரவில்லை. அது எட்டக் கடினமான இலக்காகவே வைக்கப்பட்டது என்று பிறகு முதல்வர் கத்லீன் வின் சொன்னார். 2016 ஜூனில் மறுபடியும் வெட்டு: மிகப் பாரதூரமான காயத்துக்கு மருத்துவத்துக்கும் பராமரிப்புக்குமாக இருந்த 20 இலட்சம் டொலர் 10 இலட்சமாயிற்று. ஒவ்வொரு வெட்டும் கட்டுப்பணத்தைக் குறைப்பதற்கென்றே சொல்லப்பட்டது. என் புதுப்பித்தல் கடிதங்களை நான் எறிவதில்லை. 2009 இலிருந்து எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. குறைந்த ஆண்டுகள் இரண்டு. அதில் ஒன்று, பழைய காரை விற்றுவிட்டு அதைவிடப் பழைய காரை வாங்கிய ஆண்டு.

'நோ போல்ட்' என்றாலே மலிவு என்று நான் வாதாடவில்லை. மிச்சிகன் மாநிலம் உயிருள்ளவரை வரம்பில்லாத மருத்துவச் செலவைத் தந்து, அமெரிக்காவிலேயே ஆகக் கூடிய கட்டுப்பணங்களில் ஒன்றைச் சுமந்து, 2019 இல் சட்டத்தை மாற்றி, 2020 ஜூலையிலிருந்து வரம்புகளைத் தெரிவு செய்ய விட்டது. கொலராடோ 2003 இல் அந்த முறையையே கைவிட்டுப் பிழைவழிக்குத் திரும்பியது. ஆனால் அந்தத் திரும்புதலில் மக்களுக்கு வழக்குரிமையும் திரும்பக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். மறுபுறம், கியூபெக் 1978 மார்ச்சிலிருந்து உடற்காயத்துக்கு வழக்கே இல்லாமல் நடத்துகிறது. மனிற்றோபா 1994 இலும் பிரிட்டிஷ் கொலம்பியா 2021 மே மாதத்திலும் அந்த வழிக்கு வந்தன. மூன்றிலும் வழக்குரிமையை எடுத்துக்கொண்டார்கள். மூன்றிலும் பதிலாக, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, நிகர வருமானத்தின் 90 வீதத்தைக் கொடுக்கிறார்கள். அவை அரசுக் காப்புறுதிகள், இங்கே தனியார் நிறுவனங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், அரசுக் காப்புறுதி கொண்டுவருவோம் என்று சொல்லி வென்ற பொப் றே அரசு 1991 இல் அதைக் கைவிட்டது, அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. எந்த முறையானாலும் ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே நான் சொல்லவருவது. இரண்டையும் எடுக்கும் மாகாணமாக ஒன்ராறியோ ஆகவேண்டாம்.

வேலையிடத்திலேயே நல்ல இயலாமைக் காப்புறுதி உள்ளவர், வாகனக் காப்புறுதியிலும் அதற்கே ஏன் இன்னொரு தடவை கட்டவேண்டும் என்ற உங்கள் வாதத்தில் நியாயம் உண்டு. அவர் விலக்கிக்கொள்ளட்டும். ஆனால் இயலாமைக் காப்புறுதி இருப்பது அலுவலக உத்தியோகத்தருக்கு. தற்காலிக வேலை முகவரகத்தால் அனுப்பப்படுபவருக்கும், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் அது இல்லை. மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில் நோய்க்கால உதவி 26 வாரத்துடன் முடிகிறது, 55 வீதம்தான், சொந்தத் தொழில் செய்பவர் முன்கூட்டியே பதிந்திராவிட்டால் அதுவும் இல்லை. மாத முடிவில் இருபது டொலரைக்கூட எண்ணிச் செலவழிப்பவர்தான் இந்தச் சேர்க்கைகளை முதலில் வெட்டுவார். அவருக்குத்தான் விபத்துக்குப் பிறகு வேறு பிடிமானம் இருக்காது. வருமானக் கொடுப்பனவை விட்டால் எனக்கு எவ்வளவு மிச்சம் என்று என் முகவரிடம் கேட்டேன். எழுத்தில் தர இயலாது என்றார். விலை தெரியாத பொருளை வேண்டாம் என்று சொல்லும்படி எங்களைக் கேட்கிறீர்கள்.

2024 ஜனவரியிலிருந்து, சொந்த வாகனச் சேதத்துக்கான நேரடி இழப்பீட்டையும் விலக்கிக்கொள்ளலாம் என்று விட்டீர்கள். அதை விலக்கியவரின் கார் இன்னொருவரின் பிழையால் நொறுங்கினாலும் அவருக்கு எவரிடமிருந்தும் ஒரு சதமும் வராது. இது விளங்கி எத்தனை பேர் கையெழுத்து வைத்தார்கள் என்று எப்போதாவது விசாரித்தீர்களா? கார் போனால் காரோடு போகும். சம்பளம் போனால் வீடு போகும்.

விபத்து மருத்துவத்துக்கு வேலையிடக் காப்புறுதிக்கு முன்னதாக வாகனக் காப்புறுதியே முதலில் கொடுக்கவேண்டும் என்று இந்த மாற்றத்தில் சேர்த்திருப்பது நல்ல காரியம். அதில் மாற்றம் வேண்டியதில்லை. மற்றவை பற்றி நான் கேட்பவை இவை.

வருமானக் கொடுப்பனவைக் கட்டாய நன்மைகளின் பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வேறு காப்புறுதி இருப்பதை எழுத்தில் காட்டுபவர் மட்டும் அதை விலக்கிக்கொள்ள விடுங்கள். அதைச் செய்யமாட்டீர்கள் என்றால், சொந்த வாகனக் காப்புறுதி இல்லாத பாதசாரிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் பயணிகளுக்குமாவது இன்றுள்ளபடி இடித்த வாகனத்தின் காப்புறுதியே வருமானத்தையும் இறப்புக் கொடுப்பனவையும் வழங்கவேண்டும் என்று விதியைத் திருத்துங்கள். காப்புறுதி இல்லாத வாகனம் இடித்தால் உதவுவதற்கென்று இருக்கும் மாகாண நிதியத்துக்கும் அதே கடமையை விதியுங்கள்.

400 டொலர் உச்சவரம்பை, ஆகக் குறைந்த சம்பளத்தில் முழுநேரம் உழைப்பவரின் 70 வீதத்துக்காவது உடனடியாக உயர்த்துங்கள், கழிவுத்தொகை எந்த விலைவாசிச் சுட்டியோடு ஏறுகிறதோ அதே சுட்டியோடு ஒவ்வொரு ஜனவரியும் ஏறும்படி கட்டுங்கள். நன்மைகளை விருப்பத்துக்கு விடுவதில் நீங்கள் உறுதியாக நிற்பதானால், அந்த நன்மை கிடைக்காமற்போகும் காயக்காரருக்கு வலி, வேதனைக்கான கழிவுத்தொகையை முற்றாக நீக்குங்கள். 1990 இல் வாங்கிக்கொண்டதைத் திருப்பித் தாருங்கள்.

அதிகாரசபையிடம் தனியாக ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு சேர்க்கையையும் விலக்கினால் அந்த வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு எத்தனை டொலர் குறைகிறது என்பதைப் புதுப்பித்தல் கடிதத்தின் முதல் பக்கத்தில், அந்த நன்மையில் அவர் இழக்கும் தொகைக்குப் பக்கத்தில், அச்சிடவேண்டும் என்று கட்டளையிடுங்கள். விலக்குவதானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து வேண்டும். மௌனமோ தொலைபேசியில் சொல்லும் ஓர் 'ஓம்' என்பதோ போதாது. அந்தப் படிவம் தமிழ் உட்பட இந்த மாகாண மக்கள் வீட்டில் வாசிக்கும் மொழிகளில் இருக்கவேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் செலவழிக்கும் தொகையையும், அந்த அறிக்கைகளைக் கொண்டு மறுத்த சிகிச்சைகளின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். என் 1,287 டொலரும் அந்தப் பதினான்கு பக்கமும் எந்த நிரலில் வருகின்றன என்று நான் தேடிப் பார்ப்பேன்.

2026 ஜூலை 1 க்கு முன்னர் எழுத்திலான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பதினாறு ஆண்டுகளின் புதுப்பித்தல் கடிதங்களை எறியாமல் வைத்திருக்கும் ஒரு கட்டுப்பணக்காரர்